இருநூறு கிராம் கல்

கம்பம்மெட்டைச் சுற்றியிருந்த ஏலத்தோட்டங்களில் சிலுவைராஜின் மைக்செட்டுக்கு நல்ல பெயர். அவன் வந்து ஒலிபெருக்கிக் குழாயை மரத்தில் கட்டினால்தான் கல்யாண வீடு கல்யாண வீடாகும்.

எழுபத்து நாலாம் வருஷம் மே மாதம், இன்பமேரியின் கல்யாணத்துக்குப் போகிற வழியில் அவன் ஒரு தப்புச் செய்தான். செக்போஸ்டில் டீ குடிக்க இறங்கியவன், இசைத்தட்டுகள் இருந்த தகரப்பெட்டியை ஜீப்பின் பானெட்மேல் வைத்துவிட்டுப் போனான். மேலே வெயில். கீழே மலையேறி வந்த எஞ்சினின் கொதிப்பு. டீக்கு ஒரு பருப்புவடை, வடைக்குக் கொஞ்சம் அரசியல் என்று முக்கால் மணி நேரம் போயிற்று.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து முற்றத்தில் பெட்டியைத் திறந்தபோது ஒரு தட்டுகூடத் தட்டையாக இல்லை. எல்லாம் நடுவில் புடைத்து, கவிழ்த்து வைத்த சோற்றுத்தட்டு மாதிரி இருந்தன. ஒன்றைச் சுழலவிட்டு முள்ளை வைத்தான். பாட்டு ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை. முள் சறுக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடி கர்ரென்றது.

இன்பமேரி வெள்ளைப் புடவையோடு வெளியே வந்தாள். ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிறவள். ஒரு சொத்தைக் காய் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"என்னண்ணே, இப்பிடி உப்பிப்போயிக் கெடக்கு?"

"மலைக் காத்து, தாயி."

"காத்தா? தொட்டா சுடுது. மாப்பிள்ள வீட்டுக்காரங்க பீர்மேட்டுல இருந்து இப்ப வந்து எறங்கிருவாங்க. குழாச் சத்தம் கேக்கலைன்னா எழவு வீடுன்னு நெனச்சு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவாங்க."

நடுவில் அழுத்திப் பிடித்தால் தட்டு படியும் என்று சிலுவைராஜுக்குத் தெரிந்தது. விரலால் அழுத்தியபோது தட்டே நின்றுபோனது. சமையல் பக்கம் ஓடி ஒரு பெரிய வெங்காயத்தை வாங்கி வந்து நடுக்கம்பியில் குத்தினான். வெங்காயம் ஜம்மென்று சுற்றியது. தட்டு கொஞ்சமும் படியவில்லை. குனிந்து பார்த்தவர்களுக்குக் கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

விருந்துச் சாமான் கொடுத்த மளிகைக்கடை செல்லத்துரை, தராசும் எடைக்கற்களுமாகப் பந்தலிலேயே இருந்தார். அவர் பெருமையாக எழுந்தார்.

"பாரந்தானலே வேணும்? நம்மகிட்ட இல்லாத கல்லா?"

முதலில் அரைக்கிலோ. அது கம்பியின் நுனியில் நிற்காமல் சாய்ந்தது. துணியைச் சும்மாடு மாதிரிச் சுற்றி அதன்மேல் நிறுத்தினார்கள். நின்றது. ஆனால் மோட்டாரால் இழுக்க முடியவில்லை. குழாயில் பாடிய அம்மாள், சளி பிடித்த போலீஸ்காரராகி அடியெடுத்து அடியெடுத்துப் பாடினார். பந்தலே சிரித்தது.

அடுத்து இருநூறு கிராம். வைத்ததும் டொக்கென்று உட்கார்ந்தது. ஆட்டமில்லை, சாய்வில்லை. புடைப்பு அடங்கித் தட்டு படிந்தது. பாட்டு சுத்தமாக எழும்பி எதிர்மலையில் போய் மோதியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

இன்பமேரி தட்டவில்லை. பாட்டு முடிந்ததும் கல்லை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில், கம்பி புகுந்திருந்த இடத்தில், விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அரைக்கிலோக் கல்லையும் கவிழ்த்தாள். அதில் எடையைச் சரிக்கட்ட ஓட்டையை அடைத்து ஈயம் இருந்தது, ஈயத்தில் சர்க்கார் முத்திரையும் இருந்தது.

"அண்ணாச்சி, இதுல ஈயத்தக் காணோமே?"

"தேஞ்சிருக்கும்மா. பழைய கல்லு."

"உள்ள இருக்க ஈயம் எப்பிடித் தேயும்? வெளிய இரும்பு புதுசாட்டம் மின்னுது."

அவள் அம்மா சந்தனமேரி கரண்டியோடு வந்தாள். "இதுலதான் எனக்கு இத்தன வருசமாச் சீனி நிறுத்தியளா?" அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள், கையில் கிடைத்ததோடு.

செல்லத்துரை வியர்வையைத் துடைத்தார். "நல்ல நாளும் அதுவுமா, விடுங்கம்மா. திங்கக்கெழம புதுக்கல்லு வாங்கிருதேன்."

"வாங்குங்க. இது இங்கயே இருக்கட்டும். சீனி நிறுக்கத்தான் ஆகாது, பாட்டுக்கு ஆகும்" என்றாள் இன்பமேரி. கல்லைச் சிலுவைராஜின் கையில் வைத்து, "நீங்க போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் பூச்சூடிக்கொள்ள உள்ளே போனாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது குழாய் முழங்கிக்கொண்டிருந்தது. விருந்தில் செல்லத்துரையே சோறு பரிமாறினார். பெண்கள் பந்தியில் ஒவ்வொரு இலையிலும் அவர் இரண்டு கரண்டி கூடவே வைத்தார். யாரும் போதும் என்று சொல்லவில்லை.

அந்த வாரமே கடைக்கு முத்திரைக் கல் வந்தது. சரக்கு வாங்குமுன் பெண்கள் அதைக் கவிழ்த்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். சிலுவைராஜுக்கோ தொழில் கூடியது. உடும்பன்சோலை வரைக்கும் ஆள் அனுப்பி, "கல்லு வச்ச மைக்செட்டுதான் வேணும்" என்று கேட்டார்கள். எந்த மைக்செட்டிலும் இல்லாத புதுச் சாமான் அது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவனும் மறுக்கவில்லை.