பதினோரு காலிக் கட்டங்கள்

அண்ணனுக்குப் பரிசு என்று ஃபோன் வந்தபோது அவன் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. உலகத்து இசையமைப்பாளர்களெல்லாம் மோதிக்கொள்ளும் பரிசு. இருபது வருஷம் அனுப்பி அனுப்பி ஓய்ந்தவனுக்குச் செத்த பிறகு கொடுத்தார்கள். நல்ல நேரம் பார்த்தார்கள் போங்கள்!

எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, அவன் போன நாளிலிருந்து அப்படியேதான் இருந்தேன்.

என் வேலை படியெடுப்பது. அண்ணன் பென்சிலில் கிறுக்குவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனித் தாளாக அச்சடிப்பேன். நாளெல்லாம் சுரப் புள்ளிகளை வரிசையில் விடுவதால் அவன் எனக்கு வைத்த பெயர் எறும்பு. அவன் மகா சோம்பேறி. முன்னால் வந்த மெட்டு திரும்ப வந்தால் மறுபடி எழுத மாட்டான். தாளக் கணக்குக்குக் கோடு போட்டுப் பிரித்த கட்டங்களைக் காலியாக விட்டு, மூலையில் பொடியாக ஓர் எழுத்துப் போடுவான். "க" என்றால், முன்பு "க" போட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள் என்று அர்த்தம்.

போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோனான். இசைப்பிரதி அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். "அனுப்பிடுங்க தம்பி, அவரோட ஆசை" என்றாள் அண்ணி. வியாழக்கிழமை உட்கார்ந்து முடித்தேன். கடைசிப் பக்கத்தில் பதினோரு கட்டங்கள் காலி. மூலையைப் பார்க்கவில்லை. அத்தனைக்கும் மௌனக் குறி போட்டுத் தள்ளினேன். பதினெட்டு வருஷம் அவனோடு குப்பை கொட்டிய நான்!

நடுவர்களின் கடிதம் வந்தது. முடிவில் வரும் "நீண்ட மௌனத்தின் துணிச்சல்" அவர்களை உலுக்கிவிட்டதாம். என்ன மௌனம் என்று பென்சில் பிரதியைத் தேடி எடுத்தேன். மூலையில் கடுகளவு "க". தொடக்கத்தில் வந்த மெட்டைச் செல்லோ அங்கே தனியாக வாசிக்க வேண்டும். அடப்பாவி எறும்பே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்கும் நெஞ்சு அசையவில்லை.

அனுப்பிய பிரதியில் ஒரு புள்ளிகூட மாறக்கூடாது என்பது விதி. சொன்னால் பரிசு கைவிட்டுப் போகலாம். சொல்லாவிட்டால் அண்ணன் எழுதியது யார் காதிலும் விழாது. அண்ணியோ அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். நான்கு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

பரிசளிப்பு நாளில் அரங்கின் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

"புதுச் செருப்பு கடிக்குது தம்பி."

"கழட்டி வைங்க அண்ணி. கூப்பிட்டா மாட்டிக்கலாம்."

வாசிப்பு தொடங்கியது. செல்லோவின் மெட்டு வந்ததும் அண்ணி தலையாட்டினாள். இருபது நிமிஷம் கழித்து அந்த இடம் வந்தது. மொத்தக் குழுவும் வாசிப்பை நிறுத்தியது. நடத்துகிறவரின் கை மட்டும் காற்றில் தாளம் போட்டது. ஒன்று, இரண்டு என்று கட்டங்களை எண்ணினேன்.

மூன்றாவது கட்டத்தில் என் பக்கத்தில் முனகல் கேட்டது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அந்த மெட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். முன்வரிசைக்காரர் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். அவள் திடுக்கிட்டு மேடையைப் பார்த்தாள். செல்லோக்காரர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

கைதட்டல் எழுந்தபோது என் காதருகே குனிந்தாள். "அங்க செல்லோ வரணுமே தம்பி? ராத்திரி பகலா அதையேதானே முனகிட்டிருந்தாரு. எங்க போச்சு?"

"நான்தான் விட்டுட்டேன் அண்ணி. எழுத்தப் பாக்கல."

என்னையே பார்த்தாள். மேடையில் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் வெறுங்காலோடு எழுந்து போனாள்.

நடுவர் பரிசுப் பலகையை நீட்டினார். அண்ணி அதை வாங்காமல் மைக்கைப் பிடித்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் மெட்டைப் பாடினாள். இரண்டு இடத்தில் சுருதி தப்பியது, விடவில்லை. என் கை தானாக எண்ணியது. பதினொன்று முடிந்தபோது என் கன்னம் ஈரமாக இருந்தது.

"அந்த எடத்துல அவரு எழுதுனது இதுதான்" என்றாள் அண்ணி. "இதையும் சேர்த்துத்தான் குடுக்கறீங்கன்னா குடுங்க."

நடுவர் பலகையை ஏந்தியபடியே நின்றுகொண்டிருந்தார்.