ஓரகத்தி தேய்த்த மேசை

எங்கள் கடையில் புதிது என்று எதுவும் கிடையாது, என் ஓரகத்தியைத் தவிர. பழைய விளக்கு, பழைய நாற்காலி, பழைய தேநீர்க் கோப்பை என்று அண்ணனும் தம்பியும் வீடு வீடாகப் போய்ப் பொறுக்கி வருவார்கள். அண்ணன் என் வீட்டுக்காரர், தம்பி அவளுடையவர். எதை எங்கே வைப்பது, எதற்குப் பக்கத்தில் எதை நிறுத்துவது என்பதெல்லாம் என் பொறுப்பு. தையல் கடையை மூடிவிட்டு அவள் எங்களோடு சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. வேலையில் புலி. கையில் ஒரு துணியைக் கொடுத்தால் போதும், சுவரையே துடைத்துத் துடைத்து இளைக்க வைத்துவிடுவாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு பஸ் டிரைவர் சீருடையோடு உள்ளே வந்தார். சிக்னலில் நிற்கும்போது எங்கள் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுதுமேசையைப் பார்த்தாராம். அதன் மேல்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மைக்கறை, ஓரத்தில் காம்பஸால் கீறிய நாலைந்து கோடுகள். அவர் அதை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"இது எங்கப்பாவோடதுங்க. இந்த மை நான் கொட்டினது. வீடு மாறும்போது வித்துட்டோம்." பலகையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். "நாளைக்கு வண்டியோட வரேன். வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

'விற்றாயிற்று' என்று சீட்டு ஒட்டி வைத்தேன். ஓரகத்தி அப்போது பின்னறையில் இருந்தாள். ஊர்க்கதையெல்லாம் அவளிடம் அளக்கிற நான் இந்தக் கதையை மட்டும் சொல்ல மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பல் டாக்டரிடம் போய்விட்டுப் பதினோரு மணிக்குக் கடைக்குள் நுழைகிறேன், மேசை பளபளவென்று நிற்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகும் பூசியாயிற்று. கறை இல்லை, கோடு இல்லை.

"வாங்கினவரு சந்தோஷப்படட்டும்னு ஏழு மணிக்கே வந்து தேச்சேன்க்கா. எப்படி இருக்கு?"

"என் தலை மாதிரி இருக்கு. பழைய சாமான் கடையில உக்காந்துகிட்டு பழசைத் தேச்சு எடுத்திருக்கியே, உன்னை என்ன பண்றது?"

விஷயத்தைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய்க்கு வந்ததையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவள் அழவில்லை, முகம் மட்டும் சுண்டிப்போயிற்று.

"நான் நாளையிலேருந்து வரலக்கா. உங்க கடைப் பேரைக் கெடுக்கத்தான் வந்திருக்கேன் போல."

அதற்குள் டிரைவர் வந்துவிட்டார். தண்ணீர் கொட்டிவிட்டது, அதனால் தேய்க்க வேண்டியதாயிற்று என்று ஒரு பொய்யை நான் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்து நின்றாள்.

"நான்தாங்க தேச்சேன். உங்கப்பா மேசைன்னு தெரியாது. தப்பு என்னோடது, மன்னிச்சுடுங்க."

அவர் பலகையைத் தடவினார். எதுவும் தட்டுப்படவில்லை. "வேற யாரோட மேசையோ மாதிரி இருக்குங்க" என்றார் மெதுவாக. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன். ஓரகத்தி மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க, தண்ணி கொண்டு வரேன்."

அவர் உட்கார்ந்து, நாற்காலியை முன்னால் இழுத்தார். டொக். இழுப்பறைக்குக் கீழே இருந்த குறுக்குக்கட்டையில் முழங்கால் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு வேண்டுமென்றே இன்னொரு தரம் இடித்துப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார், கண்ணில் தண்ணீரும் சேர்ந்து வந்தது.

"அப்பா தினமும் இங்கதாங்க இடிச்சுக்குவாரு. உடனே வீட்டுல இருக்கற எல்லாருக்கும் ஒரு சுத்து திட்டு விழும். நான் அப்ப பொடியன், எனக்கு இடிச்சதே இல்ல." முழங்காலை மறுபடி தடவிக்கொண்டார். "இவரு எதுக்கு இந்தக் கத்து கத்தறாருன்னு நினைப்பேன். நல்லாத்தாங்க வலிக்குது."

மேசையை மூன்று பேருமாகத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். வண்டி போனதும் ஓரகத்தி உள்ளே போய்க் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"நீங்கதானேக்கா அவ்வளவு பேசினீங்க."

"வலிச்சுது, திட்டினேன்" என்றேன். "போகச் சொன்னேனா?"