கொடுக்காமல் விட்ட கோழி

தன் மகள் கல்யாணத்துக்குத் தானே ஆப்பு வைத்துக்கொண்டவர் விதார்சோ வாத்தியார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வோனோசிது, அந்தப் பக்கம் கெடுங்கலா. இரண்டு ஊரையும் உண்டாக்கிய பெரியவர்கள் அந்தக் காலத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக அடித்துக்கொண்டு, "உன் ஊர்ப் பிள்ளையும் என் ஊர்ப் பிள்ளையும் சேர்ந்தால் அந்த வீடு விளங்காது" என்று சாபம் விட்டுப் பிரிந்தார்களாம். ஊரே மறந்து கிடந்த கதை. சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? வாத்தியார் பாசி பிடித்த கல்லறைகளைச் சுரண்டிப் படித்தார். பல்லுப்போன கிழங்களின் வாயைக் கிளறினார். அதோடு விட்டாரா? பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒட்டுமீசை வைத்து, ஊர்த் திருவிழாவில் வருஷம் தவறாமல் அதை நாடகமாகப் போட்டார். சாபம் விடும் கட்டத்தில் கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

இப்போது மகள் கினாசி, கெடுங்கலாவில் படகு ஓட்டும் ஜத்மிகோவைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள்.

"ஒட்டுமீசை வச்சிக்கிட்டு மேடையில சாபம் விட்டவளே நான்தானேப்பா!" என்று சொல்லி அழுதாள்.

ஊர்த்தலைவர் சகிமான் கையை விரித்துவிட்டார். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானே வாத்தியாரே? நாளைக்கு எவன் மாடு செத்தாலும் உங்க பொண்ணு தலையிலதான் விடியும். ரெண்டு ஊர்ப் பெரியவங்களும் வெள்ளிக்கிழமை கூடுறாங்க. அவங்க சரின்னா சரி. இல்லேன்னா பையன் வீட்டுல பேச்சை முறிச்சுக்குவாங்க."

வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. தான் சேர்த்து வைத்த காகிதங்களை எல்லாம் புரட்டினார். சாபம் பொய் என்று ஒரு வரி கிடைக்காதா? கிடைத்ததெல்லாம் அது உண்மை என்றே சொல்லித் தொலைத்தது.

"நானே கட்டிவிட்ட கதைன்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி ருக்கயா.

"எப்படிடி சொல்லுவேன்? சொன்னவங்க எல்லாம் செத்துட்டாங்க. நான் பொய்யின்னா அவங்க சொன்ன எல்லாமே பொய்யாயிடுமே."

"செத்தவங்களுக்குத் துக்கப்படுங்க. உயிரோட இருக்கிற பொண்ணு எக்கேடும் கெட்டுப் போகட்டும்! நீங்க என்னைக்குத்தான் இவளைக் கவனிச்சீங்க? பொறந்தப்போ ஒரு கோழி வாங்கிட்டு வரச் சொன்னேன். வந்துச்சா?"

"எந்தக் கோழி?"

ருக்கயா தலையில் அடித்துக்கொண்டாள். கினாசி பிறந்தது அப்பனுடைய அதே கிழமை, ஐந்து நாளுக்கு ஒருமுறை சுற்றி வரும் அதே சந்தை நாள். அப்படிப் பிறந்தால் இருவரில் ஒருவருக்கு ஆகாது. அதனால் குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி எடுப்பதாகப் பேச்சு. அவள் வருவதற்குள், டெம்பே என்கிற சோயாக்கட்டி விற்கும் கூடையோடு அந்த வழியாக வந்த துமினா, "யார் தூக்கிப் போட்ட பிள்ளை? இனி என் பிள்ளை" என்று வாரி எடுத்துவிட்டாள். ஒரு கோழியைக் கொடுத்தால்தான் மீட்டதாகும். வாத்தியாரோ அன்றைக்கு வயலில் கிடைத்த ஏதோ கல்லைப் பார்க்கப் போய்விட்டார். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லியே மறந்தும் போனார். துமினாதான் பாவம், "பாலாவது குடிக்கட்டும்" என்று பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வாத்தியார் எழுந்தே விட்டார். "துமினா எந்த ஊருடி?"

"கெடுங்கலா. இது தெரியாதா?" என்றவள், சொன்ன வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை துமினா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்தாள். "என் பொண்ணுதான். எடுத்தது நான். கோழி இன்னும் வரலை. வாத்தியார் மூஞ்சியைப் பாருங்க, மறுக்கச் சொல்லுங்க பார்ப்போம்!"

கூட்டம் சிரித்தது. சகிமான் தாடையைச் சொறிந்தார். "மீட்காத பிள்ளை எடுத்தவங்க பிள்ளைதான். என் தம்பியையும் குப்பையில போட்டுத்தான் எடுத்தோம். அப்போ பொண்ணும் கெடுங்கலா, பையனும் கெடுங்கலா. இதுல சாபம் எங்கேய்யா வந்துச்சு?"

கெடுங்கலாப் பெரியவர்களும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சரி என்றார்கள். வாத்தியாருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பொய்யும் சொல்லவில்லை, மகளும் பிழைத்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

கல்யாணம் துமினா வீட்டு வாசலில் நடந்தது. நிக்காஹ்வுக்கு மார்க்கப்படி தேவைப்படும் சம்மதத்தை மட்டும் பெற்ற தகப்பனாக வாத்தியார் சொன்னார். அதோடு அவர் வேலை முடிந்தது. பெற்றவர் நாற்காலிகளில் துமினாவும் அவள் புருஷனும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். கினாசி அவர்கள் முழங்காலில் தலை வைத்து ஆசி வாங்கினாள். வாத்தியார் விருந்தாளிகள் வரிசையில் இருந்தார். ருக்கயா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வாங்காத கோழிக்கு இதுதான் விலை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

திடீரென்று கினாசி எழுந்து, பட்டுத்துணி தடுக்கத் தடுக்க, விருந்தாளிகளுக்கு நடுவே வந்தாள். வாத்தியார் முழங்காலில் தலையைப் புதைத்தாள். அவர் அவள் கொண்டையைத் தொட்டார்.

தலையைத் தூக்காமலே அவள் முணுமுணுத்தாள்: "சாகிற வரைக்கும் அந்தக் கோழியை மட்டும் குடுத்துடாதீங்கப்பா."