உள்பக்கத்துக் கொக்கி

1

இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது கொஞ்சம்தான். கார்த்திகை மழையில் மின்சார ரயில் மாம்பலத்துக்கு முன்னால் சிக்னலுக்காக நின்றது. வெளியே, ஏரியைத் தூர்த்து மனை போடும் சேற்றில் ஒரு டிராக்டர். அதன் பின்சக்கரங்களில் இரும்புச் சங்கிலி. முன்னால் ஒரு பெண் குனிந்து கர்ப்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். பின்சக்கரத்துக்கு அருகில் ஓர் ஆளின் கால்கள் தெரிந்தன. உடம்பு தெரியவில்லை. ரயில் நகர்ந்துவிட்டது.

மீதி எல்லாம் நான் கட்டியது, பெயர்கள் உட்பட. அது உண்மையாக நடந்திருக்கக் கூடாதே என்பதுதான் என் பயம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி பெய்யும் தேசங்களில், குளிர்கால வேலைக்காக, டிராக்டர் சக்கரங்களுக்குச் சங்கிலி—’

அடித்துவிட்டேன். நான் பனியைப் பார்த்ததில்லை. கல்லூரி நூலகத்துப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்திருக்கிறேன். வெள்ளைத் தரை, சங்கிலி சுற்றிய சக்கரம். அதே சங்கிலி டிராக்டரோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்திருக்க வேண்டும். இங்கே குளிர்காலம் என்றால் சேறு. சேற்றுக்கும் உதவட்டும் என்று யாரோ பெட்டியைத் திறந்திருப்பார்கள்.

இரண்டாவது தொடக்கம்: ‘பொன்னுரங்கத்துக்கு அந்தச் சங்கிலியைப் பிடிக்கவில்லை.’ இதுவும் பொய். நான் கால்களை மட்டும் பார்த்த அந்த ஆளுக்குப் பிடித்திருந்தது. பயந்தவள் அவன் மனைவி, கர்ப்பூரம் ஏற்றிய பச்சையம்மா.

3

மாட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். சங்கிலியைச் சக்கரத்தின் மேல் போர்த்தி, வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் சங்கிலி சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும். பிறகு இரண்டு கொக்கிகள். வெளிப்பக்கத்துக் கொக்கியை நின்றபடியே மாட்டலாம். உள்பக்கத்துக் கொக்கிக்குச் சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே தலையையும் தோளையும் நுழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது. விரல்தான் தேட வேண்டும்.

(எஞ்சினை அணைத்துவிட்டு மாட்டலாமே என்பீர்கள். நானும் அணைத்துப் பார்த்தேன், ஒரு பிரதியில். ஆனால் ரயிலிலிருந்து புகையைப் பார்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மழையில் நின்றுபோனால் கைப்பிடியைச் சுற்றி மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்று விட்டிருப்பார்கள்.)

4

மண் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பச்சையம்மா கேட்டாள்.

“இன்னாத்துக்குய்யா சங்கிலி? அவுத்து உட்டா ஓடிப் பூடுமா?”

“ஓடாம நின்னுகினு கீதேன்னுதாம்மே மாட்றோம்” என்றான் பொன்னுரங்கம்.

“கட்ன பொண்டாட்டிக்கு ஒரு கொலுசு வாங்கித் தர வக்கில்ல. டிராக்டருக்கு ரெண்டு காலுக்கும் போட்டுகினு கீறே.”

டிரைவர் மெஹபூப் அலி மேலே உட்கார்ந்தபடி சிரித்தான். “தங்கச்சி, ஒண்ணு கழட்டித் தரவா? போட்டுகினு நடந்து காட்டு.”

“நீ சும்மா இரு பாய்.” அவள் சிரிக்கவில்லை. “எந்தச் சீமை இரும்போ, எத்தினி பேரைக் காவு வாங்கிச்சோ. எலுமிச்சம்பழம் வெக்காம சேத்துல எறக்காதே. சொல்ட்டேன்.”

“வையி தாயி. கர்ப்பூரம் அணைஞ்சு, நீ ஒதுங்கினப்புறம்தான் வண்டி நவுரும்” என்றான் மெஹபூப் அலி.

அதுதான் வழக்கம். கர்ப்பூரம் எரியும்வரை எந்த வண்டியும் நகராது. அணைந்ததும் ஏற்றியவர் விலகுவார். சக்கரம் பழத்தின் மேல் ஏறும். போகச் சொல்லி யாரும் குரல் கொடுப்பதில்லை. மெஹபூப் அலி இந்த ஊரில் எத்தனையோ வண்டிகளை இப்படி எடுத்திருக்கிறான்.

பச்சையம்மா சக்கரங்களுக்கு முன்னால் பழம் வைத்தாள். ஒரு செங்கல்லின் மேல் கர்ப்பூரத்தை ஏற்றினாள். அப்போதுதான், பின்னால், மாட்டி முடித்திருந்த வலது சக்கரத்தின் உள்கொக்கி வழுக்கிக் கழன்றது.

பொன்னுரங்கம் யாரிடமும் சொல்லவில்லை. கர்ப்பூர வாசனை வந்தது. எரிகிறது, வண்டி நகராது என்று நம்பித் தலையை உள்ளே நுழைத்தான்.

மழையை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

5

ஒரு முடிவு: கொக்கி மாட்டிக்கொண்டது. அவன் வெளியே வந்து முகத்துச் சேற்றைத் துடைத்தான். பழம் நசுங்கியது. “கொலுசுச் சத்தம் கேட்டியா?” என்று மனைவியிடம் கேட்டான்.

(படித்துப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. குறை கதையில் இல்லாமலும் இருக்கலாம்.)

இன்னொரு முடிவு: கர்ப்பூரத்தின் மேல் ஒரு துளி விழுந்தது. பச்சையம்மா விலகினாள். மெஹபூப் அலி கிளட்சிலிருந்து காலை

இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன். அவனைக் காப்பாற்றத்தான் அவள் கர்ப்பூரம் ஏற்றினாள்.

என் மனைவி நீரஜா நான் எழுதியதையெல்லாம் படிப்பாள். “உங்க கதையில யாராவது செத்துண்டே இருக்கா. ஒருத்தரையாவது ஆத்துக்கு அனுப்பி வையுங்கோளேன்” என்பாள். போன கார்த்திகையில் அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து நான் மட்டும் மயிலாப்பூருக்குத் திரும்பினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

6

மாம்பலத்தில் இறங்கிக் கேட்டால் தெரிந்துவிடும். நான் இறங்கவில்லை. ரயிலில் இப்போதெல்லாம் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் உட்காருகிறேன். சிக்னலில் நின்றால் கண்ணை மூடிக்கொள்கிறேன். கேட்காதவரை கர்ப்பூரம் எரிகிறது.

ஆனால் அதன் மேல் கையை என்னால் ரொம்ப நேரம் பிடிக்க முடியாது. பிடித்துப் பழகிய கை இல்லை இது.

ஆகவே உங்களிடம் தருகிறேன். செங்கல் இதோ, இந்த வரிக்குக் கீழே இருக்கிறது. சுடர் சாய்கிறது. பச்சையம்மா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அணைந்ததும் விலகுவதற்காக. மெஹபூப் அலி அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் ஒருவனின் விரல்கள் கொக்கியைத் தேடுகின்றன.

முடிவு எதுவும் சொல்ல வேண்டாம். கையைக் கொஞ்சம் குவித்து மழையை மறையுங்கள். அவன் வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.