மேலாளர் அறையில் வாய் மறைந்த வரலாறு

அரியலூர் வட்டாரத்தின் தொழில் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி ஒன்று இங்கே பணிவுடன் பதிவு செய்யப்படுகிறது: 1978 ஆவணியில், விக்கிரமங்கலம் சாலையிலிருந்த தண்டபாணி சிமெண்டு ஆலையில், மேலாளர் வேணுகோபாலின் அறைக்குள் கால் வைத்த தொழிலாளர் அத்தனை பேருக்கும் வாய் மறைந்துபோயிற்று. மூக்குக்குக் கீழே புதிதாகப் பூசிய சுவர் மாதிரி வழவழவென்று தோல். வராந்தாவைத் தாண்டினால் பழைய வாய் பழைய வெற்றிலைக் கறையோடு திரும்பிவிடும். முதல் வாரம் பயந்தார்கள். மூன்றாம் வாரம், உள்ளே போகுமுன் புகையிலையைத் துப்பிவிடப் பழகிக்கொண்டார்கள்.

வாய் மறையத் தொடங்கியதற்கு முந்தைய வாரம்தான், திங்கட்கிழமைக் கூட்டத்தில், கல் ஏற்றும் பெல்ட் நைந்திருக்கிறது என்று அதை ஓட்டும் செல்லதுரை சொன்னான். "நீ இஞ்சினீயரா, நான் இஞ்சினீயரா?" என்று கேட்டு அவனை வீட்டுக்கு அனுப்பினார் வேணுகோபால். நான்காம் நாள் பெல்ட் அறுந்தது. செல்லதுரை கண் வைத்ததால் அறுந்தது என்று தீர்ப்பாயிற்று. பிறகு கூட்டங்கள் பத்தே நிமிடத்தில் முடிந்தன. தமது தலைமையில் குறை சொல்வாரே இல்லை என்று அவர் மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு மூன்று வருடம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை.

1981 வைகாசியில், சூளைக்காரன் செல்லக்கண்ணு, சுழலும் இரும்புச் சூளையின் வயிற்றில் தட்டகலத்துக்கு ஒரு சிவப்பைப் பார்த்தான். உள்ளே செங்கல் உதிர்ந்துவிட்டது, இரும்பு எந்நேரமும் பிய்யலாம் என்று அர்த்தம். நேர் கீழே அவன் மச்சினன் உத்திராபதி, சூளையைத் தாங்கும் உருளைக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. சூளை ஓடும்போது கிரீஸ் வேலையிலிருந்து யாரையும் எழுப்பவோ, சூளையை அணைக்கவோ மேலாளர் உத்தரவு வேண்டும். செல்லக்கண்ணு அறைக்கு ஓடினான். வாய் போயிற்று. கையை ஆட்டினான், சுழற்றினான், நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"என்னய்யா, கும்புடு போட்டுக்கிட்டு நிக்கிற? போய் வேலையப் பாரு."

வெளியே வந்து கத்தினான். ஏர்கூலர் சத்தத்தில் உள்ளே ஏறவில்லை. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. மூன்றாவது தடவை வெளியே வந்து சூளைக்குத் திரும்பி ஓடியபோது சிவப்பு முறம் அளவு ஆகியிருந்தது. அங்கே போர்மேன் அய்யம்பெருமாள் நின்றுகொண்டிருந்தார்.

"போன மாசம் செங்கல் பாத்தப்ப நாந்தான்டா கோட்டை விட்டுட்டேன். நீ பாத்தத சொல்லு."

"நிறுத்தணும்ண்ணே. எம் மச்சினன் கீழ இருக்கான். ஒருவேள எனக்குத்தான் தப்பாத் தெரியுதோ என்னமோ."

"தப்பாவே இருக்கட்டும். நிறுத்துனது நானுன்னு எழுதிக்கிறேன். போயி அவன இழுத்துட்டு வா."

உத்திராபதி முனகிக்கொண்டே வெளியே வந்தான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில், பீடி ஒன்று பற்றவைக்கிற நேரத்துக்குள், இரும்பு பிய்ந்து நெருப்புக்கல் கொட்டியது.

விசாரணைக்கு மேலாளர் அறைக்குள் போன அய்யம்பெருமாளுக்கு மட்டும் வாய் மறையவில்லை. "நாந்தான் சார் நிறுத்துனேன். ஆளு உசுரோட இருக்கான்," என்றார். உத்தரவில்லாமல் நிறுத்திய குற்றத்துக்காக அவரை வாசலோர எடைமேடைக் குடிசைக்கு மாற்றினார்கள். அன்று முதல் பெல்ட் நைந்தாலும் செங்கல் உதிர்ந்தாலும் ஆட்கள் அந்தக் குடிசைக்கே ஓடினார்கள். அவர் தலையாட்டினால் சூளை நின்றது. ஐந்து வருடத்தில் ஒருவருக்கும் காயமில்லை. அந்தப் பெருமைக்கு வேணுகோபால் மெட்ராஸில் ஒரு கேடயம் வாங்கிவந்தார்.

அவர் அறையில் வாய் வேண்டும் என்று பிறகு யாரும் கேட்கவில்லை. அங்கே டீ கொடுக்கும் வழக்கமும் கிடையாது.