பின்னங்கால்

கேமராவில் எண்ணூறு படங்கள் இருந்தன. அப்பாவின் முகம் ஒன்றில்கூட இல்லை. மதியம் உடலை எடுக்க வண்டி வந்துவிடும். அதற்குள் தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டுமே என்று மூத்த மகள் தேடிக்கொண்டிருந்தாள். வந்ததெல்லாம் குண்டுத் தேனீ. மஞ்சள் பட்டை, வெள்ளை வால், அடியில் ஏதாவது ஒரு பூ.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், கடைசியில பூச்சி பின்னாடி ஓடினாரு," என்றார் மாமா.

காட்டுத் தேனீக் கணக்கெடுப்புக்காரர்களுக்கு மூன்று வருஷமாக, வருஷத்துக்கு ஒரு படமாக, ஒரே தேனீயைத்தான் அப்பா அனுப்பிக்கொண்டிருந்தார். வேறொன்றின் கூட்டில் முட்டையிட்டு, ஓசியில் பிள்ளை வளர்க்கிற அரிய இனம் என்று அடித்துச் சொன்னார். மற்ற குண்டுத் தேனீக்களுக்குப் பின்னங்காலில் மகரந்தம் சேர்க்கும் கூடை போன்ற குழி இருக்கும், அந்த இனத்துக்குக் கிடையாது. ஆறடி உயர அப்பாவோ நின்றபடி மேலிருந்தே எடுப்பார், முதுகுதான் விழும். "கால் தெரியவில்லை, ஏற்க இயலாது" என்று ஒவ்வொரு முறையும் திருப்பிவிட்டார்கள். போன வாரம்கூட, "நான் போறதுக்குள்ள ஒத்துக்குவாங்களாம்மா?" என்று கேட்டார். அவள் பேச்சை மாற்றிவிட்டாள். இப்போது அது நெஞ்சை அறுத்தது.

கடைசிப் படத்தில் விரல் நின்றது. நேற்று முன்தினம், மருத்துவமனைத் தோட்டத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தது. ஊதா முட்பூ கண்ணுக்கு நேராக இருந்தது. தேனீ சாய்ந்து பின்னங்காலைத் தூக்கியிருந்தது. கால் முழுக்க மயிர். கூடை இல்லவே இல்லை.

படத்தைத் தன் போனுக்கு மாற்றி, கணக்கெடுப்புப் படிவத்தில் பூவின் பெயரை எழுதினாள். கண்டவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரைப் போட்டு அனுப்பினாள்.

"சாவு வீட்டுல இதுவா வேலை?"

"இதுதான் வேலை, மாமா."

தலைமாட்டுக்கு அம்மா பழைய டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் கொடுத்தாள். தபால்தலை அளவு முகம். அதையே சாய்த்து வைத்தார்கள்.

வண்டி வாசலில் நின்றபோது பதில் வந்தது. அப்பாவின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அவள் வாய்விட்டுப் படித்தாள். "சந்தேகமே இல்லை. இந்த வட்டாரத்தில் முதல் பதிவு இதுதான். பழைய மூன்றையும் சேர்த்துக்கொள்கிறோம். பொறுமைக்கு நன்றி ஐயா."

அழுதுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. மாமா போனைப் பிடுங்கிக்கொண்டு போய் வண்டிக்காரரிடம் காட்டினார். "எங்க மச்சான் கண்டுபிடிச்சதுங்க. முதல் ஆளு."

"பொறுங்க, எடுத்துடாதீங்க," என்றாள் அம்மா. மகளிடம் திரும்பி, "அந்தப் பக்கம் போய் இன்னொரு தடவை சத்தமா படிம்மா. இந்தக் காது அவருக்குக் கேக்காது."

அவள் போனை வாங்கிக்கொண்டு சுற்றிப் போய், அப்பாவின் வலது காதருகே குனிந்து, முதல் வரியிலிருந்து படித்தாள்.