டில்லர்ட் வந்த பின்வாசல்

“அப்பாவை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?” என்று கேட்டுக்கொண்டே பச்சைக் கவுன்காரியின் கையை மார்லா விடாமல் பிடித்திருந்தாள்.

“நல்லா கேட்டே போ! உன் கல்யாணத்துக்கு கேக் செஞ்சதே நான்தானே!”

மார்லா கையை விட்டாள். இவள் இல்லை.

அப்பா ஹாலிஸை அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் தேவாலயத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்திருந்தார்கள். மார்லாவின் கண் வந்த பெண்கள் மேலேயே இருந்தது. சில வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் போதும், அப்பா ஒரு தட்டு நிறையச் சாப்பாட்டை அலுமினியத் தாளால் மூடி எடுத்துக்கொண்டு, “டிரக்கைக் கொஞ்சம் ஓட்டிட்டு வரேன்” என்று கிளம்பிவிடுவார். எந்த டிரக் கோழிக்கறி தின்னும்? அம்மா வெர்னா ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பிராணி. அந்தச் சாப்பாட்டைத் தின்ற சிறுக்கி இன்றைக்கு வராமலா போவாள்? வந்து அம்மா முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடட்டும், அப்புறம் இருக்கிறது.

காபிப் பானையைச் சுற்றி நின்ற கிழவர்கள் பழைய மல்யுத்தக் கதையை எடுத்துவிட்டார்கள்.

“சனிக்கிழமை டிவியில சவால் விடுவானுங்க, திங்கக்கிழமை நம்ம மாட்டுச் சந்தைக் கொட்டகையில தீத்துக்குவானுங்க. அதுய்யா ஆட்டம்!”

“அப்புறம் நாடு பூரா ஒரே கம்பெனி ஆட்டம்னு ஆக்கிட்டானுங்களே. நம்ம அலபாமாப் பசங்களை எவன் சீந்தினான்?”

“ஹாலிஸ் எப்பவும் முதல் வரிசை. அவனை விடு, அந்த வில்லன் பய கசாப்பு டில்லர்ட் தொடையில வெர்னா தொப்பி ஊசியை ஏத்தினாளே!”

கூடமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அப்பா போனதிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. காலையில் மட்டும் என்னவோ அடுப்பில் வைத்து, ஒரு சின்னப் பாத்திரத்தைத் துணியில் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

சமையலறைப் பின்கதவை யாரோ தட்டினார்கள். மார்லா போய்த் திறந்தாள். மலை மாதிரி ஒரு கிழவன். கசங்கிப்போன காது, நெற்றி நிறையத் தழும்பு. கையில் அம்மாவின் நீல விளிம்புத் தட்டுகள், கழுவித் துடைத்து அடுக்கியிருந்தன.

“யாருய்யா நீங்க? எங்க வீட்டுத் தட்டு உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

“டில்லர்ட்ம்மா. உங்கப்பா கொண்டாந்த தட்டுதான். திருப்பிக் குடுக்கணும்ல.”

சின்ன வயதில் அவளை டிவிக்கு முன்னால் அலறவைத்த அதே கசாப்பு டில்லர்ட்! மார்லாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “அதுக்கு முன்வாசல் வழியா வரக்கூடாதா?”

“முன்வாசல் ஆட்டத்துல நல்லவனா வர்றவனுக்கு. கெட்டவனா வர்றவன் எப்பவும் பின்பக்கம்தான். ரெண்டு பேரும் ஒரே கார்ல போனாலே சண்டை நடிப்புன்னு தெரிஞ்சுரும், அந்தக் காலத்துல வேலை காலி. உங்கப்பாவே ஆத்துக்கு அந்தப்பக்கம் என் டிரெய்லர் வீட்டுக்குப் பின்னாடிதான் வண்டியை நிறுத்துவாரு. பழைய ஆட்டத்தையெல்லாம் பேசிப் பேசி, நான் ஏமாத்தி ஜெயிச்சதுக்கு இன்னும் திட்டுவாரு.” கிழவன் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தான். “உங்கம்மாகிட்ட மூச்சு விட்றாதே. ‘அந்தச் சண்டையெல்லாம் நெசம்னு நம்புற கடைசி ஆள் அவதான்டா, கெடுத்துறாதே’ம்பாரு உங்கப்பா.”

தட்டுகளை வாங்கி மேடையில் வைத்தாலும் அவளுக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. “போன வாரம் என்ன கொண்டு வந்தாரு?”

“கோழி, பீன்ஸு. எனக்குக் கிட்னி போச்சு, உப்பே ஆகாது. நல்லவேளை, உங்க வீட்டுச் சாப்பாட்டுல உப்பே இருக்காது.”

மார்லாவுக்குச் சுருக்கென்றது. அம்மா அள்ளிப் போடும் உப்புக்கு ஊரே தண்ணீர் குடிக்கும். இவன் யாருக்காகவோ புளுகுகிறான்.

“அடேய் கசாப்பு!”

அம்மா கைப்பையோடு கூடத்துப் பக்க வாசலில் நின்றாள். பின்னால் கிழவர் கூட்டம்.

“என் புருஷன் சாவுக்கு வர உனக்கு என்ன தைரியம்டா?”

டில்லர்ட்டின் கூன் நிமிர்ந்தது. “முதல் வரிசையில கத்தின வாய் மூடிருச்சான்னு பாக்க வந்தேன்டி!”

அம்மா கைப்பையை வீசினாள். அது அவன் தோளில்தான் பட்டது. அவனோ தலையைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டு விழுந்து, “வேணாம், விட்ரு, விட்ரு!” என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

“இன்னொண்ணு குடு வெர்னா!” கிழவர்கள் கூரை அதிரக் கத்தினார்கள்.

முஷ்டியை ஆட்டி வைதுகொண்டே அவன் நொண்டி நொண்டிக் காருக்குப் போனான். கூட்டம் ஆரவாரமாகக் கூடத்துக்குத் திரும்பியது. அம்மாவின் வெளுத்த முகத்தில் களை திரும்பியது. மேடையில் இருந்த அவித்த முட்டைத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பிறகு அடுக்கில் மேலே இருந்த நீல விளிம்புத் தட்டை எடுத்தாள். துணிக்கட்டை அவிழ்த்து, சின்னப் பாத்திரத்திலிருந்து கோழியையும் பீன்ஸையும் போட்டாள். மார்லா ஒரு பீன்ஸை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். உப்பே இல்லை.

“அம்மா…”

அம்மா அலுமினியத் தாளை இழுத்து ஓரத்தை அழுத்தி மூடினாள்.

“அப்பா டிரக் ரெண்டு நாளா சும்மா நிக்குது. கொஞ்சம் ஓட்டிட்டு வா.”

மார்லா சாவியையும் தட்டையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினாள். தட்டில் இன்னும் இளஞ்சூடு இருந்தது.